பழைய வங்கி நோட்டுகளும் இன்றைய டிஜிட்டல் நாணயங்களும்

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்கூழ் வணிகர்):
வெளிநாட்டில் மாங்கூழ் வாங்கும் ஒருவர், வங்கி வழியே பணம் அனுப்புவதற்குப் பதிலாக, ஒன்றுக்கு ஒரு டாலர் என மதிப்பு மாறாமல் இருக்கும் கிரிப்டோ டோக்கன்களாகத் தருவதாகச் சொல்கிறார். காகித நோட்டு வந்தபோதும் மக்கள் தயங்கி, பிறகு பழகிக்கொண்டார்கள் என்பது அவருடைய வாதம். இது சரிதானா? ரிசர்வ் வங்கி வெளியிடும் டிஜிட்டல் பணமான இ-ரூபாயும் இதுவும் ஒன்றா?

பதில் 1 (தருமபுரி):
மக்கள் தயங்கியது காகிதத்தைக் கண்டு அல்ல, அதை வெளியிட்டவர் கேட்டவுடன் காசு தருவாரா என்ற ஐயத்தால்தான். ஐரோப்பாவில் முதலில் நோட்டு வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பாங்கோ, 1661-இல் அதை வெளியிடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, கையிருப்பை மீறி அச்சடித்ததால் மாற்றித் தர இயலாமல் வீழ்ந்தது. நம் பக்கத்தில் 1843-இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கியும் சொந்த நோட்டு வெளியிட்டது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தனியார் வங்கிகளிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்தது.

அதற்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. நோட்டு வெளியீட்டுக்காக நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது; ஒரு நோட்டு அதை வெளியிட்ட வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லுபடியானது. அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்த நம் ஊர் வியாபாரி, பம்பாய் வட்டத்து நோட்டை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து ரூபாய் நோட்டுக்கு 1903-இலும், நூறு ரூபாய் நோட்டுக்கு 1911-இலும்தான் (முதலாவதற்கு பர்மா நீங்கலாக) இந்த எல்லை நீங்கியது. தபாலில் தொலைந்துவிடும் என்று அஞ்சி, நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்த பிறகே மறுபாதியை அனுப்பினார்கள் என்பதையும் அந்த வாங்குபவரிடம் சொல்லுங்கள்!

பதில் 2 (ஓசூர்):
அவர் தருவது அந்தத் தனியார் நோட்டின் வாரிசு. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, தன் கையிருப்பில் 330 கோடி டாலரை அங்கே வைத்திருந்த, ஒரு டாலர் மதிப்புக்கான யுஎஸ்டிசி டோக்கன் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வைப்புத்தொகைகளுக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகே மீண்டது. டாலர் கையிருப்பே இல்லாமல் இணை நாணயம் ஒன்றைக் கொண்டு விலையைத் தாங்கிய டெர்ரா என்ற டோக்கன், 2022 மே மாதத்தில் சில நாள்களில் சரிந்தது. 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சோதனைக்கு வந்த இ-ரூபாயோ, கையிலுள்ள நோட்டைப் போல ரிசர்வ் வங்கியே நேரடியாகப் பொறுப்பேற்கும் கடன்.

பதில் 3 (பாலக்கோடு):
அரசோ மத்திய வங்கியோ வெளியிட்டால் ஆபத்தே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1797 முதல் 1821 வரை இங்கிலாந்து வங்கியே நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியிருந்தது. இங்கும் 1946, 1978, 2016 ஆண்டுகளில் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. ஆயினும் இவருடைய கேள்விக்கு நேரடி விடை இருக்கிறது: ஏற்றுமதித் தொகை அனுமதி பெற்ற வங்கி வழியாக வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. டோக்கனை ஏற்கும் முன் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேளுங்கள்; சரக்கு போன பிறகு கேட்பதில் பயன் இல்லை.