கறித்தூளுக்கு விலைக்கழிவைத் தவிர வேறு விளம்பர யோசனை உண்டா?

தூள்மணம்:

வெள்ளவத்தையில் சின்னத் தூள்கடை. யாழ்ப்பாணக் கறித்தூள், சரக்குத்தூள், ஒடியல்மா விற்கிறோம். கறித்தூளை நாங்களே வறுத்து அரைக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும், ஒரு தரத்துக்கு 40 கிலோ. முகநூலில் "10% கழிவு" என்று போட்டால் இரண்டு நாள் விற்பனை ஏறும், பிறகு பழையபடி. கழிவுக்கு வாங்கியவர்கள் அடுத்த கழிவு வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரம் வரைகிறவரிடம் கேட்டால் பனைமரம், அம்மி, சிரிக்கிற அம்மம்மா. எல்லாத் தூள் பக்கெட்டிலும் அதே படம்தான்.

புது யோசனை எப்படிப் பிடிப்பது, பிடித்தால் எதை முதலில் செய்து பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலைக்கு ஆறு பேர். பெரிய பலகை வைக்கிற அளவுக்குக் காசு இல்லை. சிங்கள வாடிக்கையாளர்களையும் எடுக்க வேண்டும்.

மைக்கூடு:

உங்கள் விளம்பரம் நீங்கள் எழுதிய பதிவுக்குள்ளேயே இருக்கிறது: "செவ்வாயும் வெள்ளியும்". அதை ஏன் பக்கெட்டில் போடவில்லை?

அமெரிக்காவில் குளோட் ஹொப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர், ஷ்லிட்ஸ் என்ற பியர் கம்பனிக்காகத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தார். போத்தல்களை நீராவியால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கம்பனியும் அப்படித்தான் கழுவியது, ஆனால் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. அவர் சொன்னார். முதலில் சொன்னவருக்கே அந்த விஷயம் சொந்தமாகிவிட்டது. கறித்தூளிலும் இதேதான். எல்லாரும் வறுக்கிறார்கள், எந்த நாளில் வறுத்தது என்று யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. உற்பத்தித் திகதி பக்கெட்டின் பின்னால் எறும்பு அளவில் இருக்கும். அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்: "செவ்வாய் வறுத்தது". வெள்ளி வறுத்ததற்கு வேறு நிற ஸ்டிக்கர். பின்னால் இருக்கவேண்டிய திகதி, நிறை விபரங்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவை சட்டப்படி தேவை.

இது ஏன் நிற்கும் என்றால், சமைக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த உண்மை இது. மல்லியும் சீரகமும் முழுதாக இருக்கும்போது மணம் உள்ளே அடங்கியிருக்கும். அரைத்தவுடன் காற்றுப்படும் பரப்பு பலமடங்கு ஆகி, மண எண்ணெய் பறக்கத் தொடங்கும். ஆகவே "எப்போது அரைத்தது" என்பது சுவையைப் பற்றிய கேள்விதான்.

பொருளுக்கு உள்ளேயிருந்து யோசனை எடுப்பதற்குக் கொழும்பிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2014இல் லியோ பர்னட் விளம்பர நிறுவனம் மவ்பிம நாளிதழுக்காக அச்சு மையில் சிட்ரனெல்லா சாறு கலந்து, உலக சுகாதார தினத்தன்று நுளம்பு அண்டாத பத்திரிகையை வெளியிட்டது. டெங்கைப் பற்றி எழுதிய தாளே நுளம்பை விரட்டியது. உங்களிடம் இருப்பதும் மணம்தான். அதைப் படமாகக் காட்ட முயன்றால் அம்மம்மா படத்தில்தான் போய் முடியும். மூக்குக்கே கொடுங்கள்.

"ஒரு சட்டிப் பக்கெட்" செய்யுங்கள். அரைக்கிலோ கோழிக்கு 2 மேசைக்கரண்டி, கிட்டத்தட்ட 15 கிராம். 500 பக்கெட்டுக்கு 7.5 கிலோ போதும். வெறும் கடதாசியில் மடித்தால் எண்ணெய் ஊறிக் கறைபடும், உள்ளே எண்ணெய் புகாத தாள் வேண்டும். கடை வாசலில் நின்று போகிற வருகிற எல்லாருக்கும் நீட்டவேண்டாம். அது கைப்பைக்குள் கிடந்து பழசாகும். சந்தையில் கோழி விற்பவரிடம் கொடுத்து, கோழிப் பையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சனி பின்னேரமும் ஞாயிறு காலையும் சரி. வெள்ளியில் சைவக்காரர் வீட்டில் மச்சம் இல்லை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் இறைச்சிக்கடை பூட்டு. அந்த நாட்களை விடுங்கள்.

வட்டமேசை:

மைக்கூடு அண்ணை சொன்னது நல்ல யோசனை. ஆனால் தம்பி கேட்டது எப்படிப் பிடிப்பது என்று. இந்த ஒன்று பழசானால் அடுத்தது வேண்டுமே. அதனால் முறையைச் சொல்கிறன்.

ஆறு பேரையும் இருத்தி "ஏதாவது யோசனை சொல்லுங்கோ" என்று கேட்காதேங்கோ. கூடியிருந்து வாய்விட்டு யோசனை சொல்லும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன், விளம்பர நிறுவனக்காரர்தான். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நாலு பேர் கூடியிருந்து சொன்னதைவிட, நாலு பேர் தனித்தனியே எழுதிச் சேர்த்தது கூட. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும், அதற்குள் தன்னுடையதை மறந்துவிடுவார் அல்லது வெட்கப்பட்டு விழுங்கிவிடுவார். முதலாளி இருந்தால் இன்னும் மோசம்.

உங்களுக்குச் சரியாகப் பொருந்துவது 6-3-5. ஜேர்மனியில் பேர்ண்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்ட முறை. ஆறு பேர், ஒருவருக்கு ஒரு தாள், தாளில் 3 நிரல், 6 வரிசை. 5 நிமிடத்தில் முதல் வரிசையில் மூன்று யோசனை எழுதவேண்டும். மணி அடித்ததும் தாளை இடப்பக்கத்தவருக்குக் கொடுக்கவேண்டும். அவர் மேலே உள்ளதை வாசித்து, அதை வளர்த்தோ மாற்றியோ புதிதாகவோ மூன்று எழுதுவார். ஆறு சுற்று, 30 நிமிடம், 108 யோசனை. நாலு பேர்தான் வந்தால் நாலு சுற்று, 20 நிமிடத்தில் 48. முழு நேரமும் பேச்சு இல்லை. தமிழ் எழுதக் கஷ்டப்படுகிறவர் படம் கீறட்டும், சிங்களத்தில் எழுதட்டும்.

மூன்று இடத்தில் இது பிழைக்கும்.

ஒன்று, கேள்வி அகலமாக இருந்தால். "விற்பனையை எப்படிக் கூட்டலாம்" என்றால் 108இல் 90 கழிவு விலையாகத்தான் இருக்கும். "சனி பின்னேரம் கோழிப் பையோடு கடையைத் தாண்டிப் போகிறவர் ஏன் உள்ளே வரவேண்டும்? விலையைத் தொடக்கூடாது" என்று தாளின் தலைப்பில் எழுதுங்கோ. இறுக்கினால்தான் மூளை வேலை செய்யும்.

இரண்டு, ஆட்கள். வறுக்கிறவர், பக்கெட் பண்ணுகிறவர், காசு மேசையில் இருப்பவர், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன், எல்லாரும் இருக்கவேணும். "இது எந்தத் தூள் தம்பி, போன கிழமை அரைத்ததா?" என்று வாடிக்கையாளர் வாசலில் கேட்கிற கேள்வி கொண்டுபோகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். வெளியாள் ஒருவரும் வேணும். அக்கம்பக்கத்துச் சிங்கள அக்கா ஒருவரைக் கூப்பிடுங்கோ.

மூன்று, அன்றைக்கே தெரிவு செய்வது. தாளை ஒரு இரவு வைத்துவிட்டு மற்ற நாள் பாருங்கோ. முதல் இரண்டு வரிசையில் எங்கும் பார்த்த சங்கதிதான் இருக்கும். நாலாம், ஐந்தாம் வரிசையில் களைத்துப்போய் எழுதியதைக் கவனமாக வாசியுங்கோ, நல்லது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். தெரிவுக்கு ஒரு சோதனை: கடைப் பெயரை அழித்துவிட்டு அடுத்த தூள்கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கோ. அப்பவும் பொருந்தினால் எறிந்துவிடுங்கோ.

தூள்மணம்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வட்ஸ்அப்பில் "இன்று வறுக்கிறோம், பின்னேரம் சூடாகக் கிடைக்கும்" என்று அனுப்பலாமா? ஓட்டோ, பஸ் பின்பக்கத்தில் விளம்பரம் போடுவது இந்தத் தொழிலுக்கு ஏற்றதா?

அச்சுக்கூடம்:

"சூடாக" என்ற சொல்லை எடுங்கள். சூட்டோடு பக்கெட்டை ஒட்டினால் உள்ளே வியர்த்து, தூள் கட்டிபடும். முழுதாக ஆறவிட்டுத்தான் அடைக்கவேண்டும். செய்முறையால் காப்பாற்ற முடியாத சொல்லை விளம்பரத்தில் போட்டால், விளம்பரத்துக்காகச் செய்முறையைக் கெடுக்கவேண்டி வரும். "இன்று வறுத்தது" போதும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் போட முடியாது. உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச்சேரும். செய்தி ஏன் போகவில்லை என்று பலர் முழிப்பது இதனால்தான். ஆகவே பணம் வாங்கும்போதே கேட்டு, அவர் கண்முன் சேமிக்கச் சொல்லுங்கள். விருப்பமில்லாதவரின் இலக்கத்தைச் சேர்க்கவேண்டாம். கிழமைக்கு இரண்டு செய்தி, அதே நாள், அதே நேரம். இலங்கை வானொலியிலிருந்து 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி ஒரு பற்பசைக்கான விளம்பரம்தான். கிழமைதோறும் அதே இரவில் வந்ததால் இந்தியா முழுக்க ஆட்கள் காத்திருந்து கேட்டார்கள். நாள் தவறாமை பெரிய பலம். அதைச் சிறிய கடையும் செய்யலாம்.

ஓட்டோவின் வெளிப்பக்கத்தைவிட உள்ளே, சாரதி இருக்கையின் பின்புறம் நல்லது. பயணி 10 நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கியூஆர் குறியீடு போடுவதானால், பார்க்கும் தூரத்தின் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும்: 80 சென்ரிமீற்றருக்கு 8 சென்ரிமீற்றர். சுற்றிவர வெள்ளை ஓரம் விடாவிட்டால் கமரா பிடிக்காது. ஓடுகிற பஸ்ஸின் பின்னால் கியூஆர் போடுவது வீண்.

பஸ் என்றால் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க மாதிரித் தடம் நல்லது. நெரிசலில் பின்னால் நிற்கிறவருக்கு வாசிக்க நேரம் இருக்கிறது. எழுத்தளவுக்கு ஒரு கணக்கு: வசதியாக வாசிக்க ஒவ்வொரு 3 மீற்றருக்கும் 25 மில்லிமீற்றர் உயரம். 10 மீற்றர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர். தமிழில் இதை "ப" எழுத்தின் உடல் உயரத்துக்குக் கணக்கிடுங்கள். மேலே வருகிற விசிறியும் கீழே வருகிற சுழியும் தனி இடம் கேட்கும். அதை மறந்து வரிகளை நெருக்கினால் "கீ"யும் "மு"வும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பலகைக்கு ஏழு சொல் என்பார்கள். நமக்கு நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் நம் சொற்கள் நீளம்.

அச்சில் வரும் வழமையான விபத்து: யுனிகோடில் தட்டிய வாசகத்தைப் பழைய மென்பொருளில் திறந்தால் "கொ" உடைந்து, கொம்பு "க"வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இலஸ்ட்ரேட்டரில் எழுத்து அமைப்புக்குள் இந்திய மொழித் தெரிவைத் திறக்கவேண்டும். இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பந்தி அமைப்பியைத் தெரிவுசெய்யவேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வேறு எழுத்துருவுக்கு மாறினால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகும். இறுதிக் கோப்பில் எழுத்துகளை வளைகோடாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, பீடிஎஃப் ஆகக் கொடுத்து, தாளில் ஒரு மாதிரி எடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கவேண்டும். கடைக்கு வெளியே பதாகை கட்டுவதானால் முதலில் மாநகர சபையில் அனுமதி கேளுங்கள்.

கணக்குப்புத்தகம்:

"செவ்வாய் வறுத்தது" ஸ்டிக்கருக்கு ஒரு எச்சரிக்கை. விற்காத பக்கெட் தட்டில் மூன்று கிழமை நின்றால், அந்த ஸ்டிக்கரே உங்களுக்கு எதிராகப் பேசும். போட முதல் இரண்டு முடிவு எடுங்கள்: எத்தனை நாளில் தட்டிலிருந்து எடுப்பது, எடுத்ததை யாருக்குக் கொடுப்பது. சாப்பாட்டுக் கடைக்கு, வறுத்த திகதியை மறைக்காமல், குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவது மோசடி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. "மிளகு சளியைத் தீர்க்கும்" என்ற மாதிரி வாசகங்களையும் தொடாதீர்கள்.

அடுத்தது, எது வேலை செய்தது என்று பார்ப்பது. ஒரு சட்டிப் பக்கெட்டில் 250க்கு "செவ்வாய் வறுத்தது", 250க்கு வேறு வாசகம். தாளின் மூலை நிறம் வேறு. ஒரே கோழிக்கடையில், ஒரே நாளில், கலந்து கொடுங்கள். ஒன்றை வெள்ளவத்தையிலும் மற்றதைக் கொட்டாஞ்சேனையிலும் கொடுத்தால் ஊரை அளப்பீர்கள், வாசகத்தை அளக்கமாட்டீர்கள். தீபாவளி, சித்திரை வருடப்பிறப்புக் கிழமைகளிலும் செய்யவேண்டாம். தாளைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்குச் சின்னச் சரக்குத்தூள் பக்கெட் ஒன்று கொடுங்கள்.

எண்ணிக்கையைப் பார்க்கும் முறை: இரண்டு எண்ணின் வித்தியாசத்தை வர்க்கித்து, கூட்டுத்தொகையால் வகுங்கள். 4க்கு மேல் வந்தால்தான் நம்பலாம். 9 தாளும் 14 தாளும் வந்தால் 25ஐ 23ஆல் வகுக்க 1.1; இது தற்செயல். 9உம் 24உம் என்றால் 225ஐ 33ஆல் வகுக்க 6.8, இதை நம்பிச் செலவு செய்யலாம். பலர் 9க்கும் 14க்கும் இடையில் "வெற்றி" கண்டு, அதற்காகப் பஸ்ஸை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான எண், வந்தவர் 30 நாளுக்குள் திரும்ப வந்தாரா என்பது. கொப்பியில் பெயருக்கு எதிரே இரண்டாம் தரத் திகதியை எழுதினாலே போதும்.

மைக்கூடு:

மூன்று கிழமைப் பிரச்சினையைக் கணக்குப்புத்தகம் சரியாகப் பிடித்தார். நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழை. முதல் மாதம் 250 கிராம் பக்கெட்டில் மட்டும் ஸ்டிக்கரைப் போடுங்கள், அதுதான் வேகமாக ஓடும்.

சிங்கள வாடிக்கையாளர் பற்றி ஒருவரும் தொடவில்லை. தமிழ் வாசகத்தை மொழிபெயர்க்கவேண்டாம். சிங்களச் சமையலில் துனபஹ என்கிற கறித்தூளில் வழமையாக மிளகாய் இல்லை, மிளகாய்த்தூளைத் தனியாகப் போடுவார்கள். யாழ்ப்பாணத் தூளில் செத்தல் மிளகாய் உள்ளேயே இருக்கிறது. பழக்கத்தில் இன்னும் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் போட்டு, கறி வாயில் வைக்க முடியாமல் உறைத்து, அந்தப் பக்கெட்டோடு நின்றுவிடுவார்கள். ஆகவே சிங்களத்தில் முன்பக்கத்துக்கு வேண்டியது ஒரே வசனம்: "மிளகாய் உள்ளே இருக்கிறது, வேறு போடவேண்டாம்." வட்டமேசை கூப்பிடச் சொன்ன அந்தச் சிங்கள அக்காவிடம் அவர் வாயால் எப்படிச் சொல்வார் என்று கேட்டு, அப்படியே எழுதுங்கள். அடியில் அரைக்கிலோ கோழிக்கு எத்தனை கரண்டி என்ற அளவு.