குடியிருப்பு ரவுண்டானாவுக்கு யோசனை தேவை

வணக்கம். எங்கள் குடியிருப்பில் நான்கு தெருக்கள் சேரும் இடத்தில் ரவுண்டானா வரப்போகிறது. வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. அனுபவமுள்ளவர்கள் கைகொடுங்கள்.

மொத்தம் 18 மீட்டர் விட்டம்தான் கிடைக்கிறது. நடுத்திட்டுக்கு 7 மீட்டர் போனால் சுற்றிலும் ஐந்தரை மீட்டர் பாதை மிஞ்சும். குப்பை லாரி திரும்ப இது போதாது என்பதால், திட்டின் விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கல்தளம் போட்டு, பின்சக்கரம் ஏறிப்போக விடலாம் என்று நினைக்கிறேன். சாலையிலிருந்து 5 செ.மீ. உயரம் சரியா, இன்னும் கூட்டலாமா?

போன வாரம் செங்கல் அடுக்கி ஒத்திகை பார்த்தோம். ஒரு தெருவிலிருந்து வந்த கார்கள் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிவிட்டு அதே வேகத்தில் கடந்துபோயின! நுழைவை எப்படி வளைத்தால் வேகம் குறையும்? பாதசாரிகள் கடக்கும் கோட்டை வட்டத்திலிருந்து ஒரு கார் நிற்கும் அளவுக்கு, அதாவது சுமார் 6 மீட்டர், தள்ளிப் போடுவதாக இருக்கிறேன்.

அப்புறம் செடிகள். ஓரத்தில் முழங்காலைத் தாண்டாதவை, நடுவில் மண்ணை மேடாக்கிக் கொஞ்சம் உயரமானவை. சிலர் நீரூற்றும் பெஞ்சும் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை; பெஞ்சைப் போட்டால் குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவே ஓடுவார்கள். அதிகம் தண்ணீர் கேட்காத, வேர் பரவிக் கல்தளத்தைப் பெயர்க்காத செடிகள் எவை? சொட்டுநீர்க் குழாயைச் சாலைக்கு அடியில் கொண்டுபோனவர்கள் இருந்தால் படத்தோடு சொல்லுங்கள்.