ஸ்டார் கவுண்டியைச் சொன்னால் ஏன் இவ்வளவு கோபம்?

கரிசல்காடன்:
"மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டுவேன் என்ற ட்ரம்புக்கே வாக்களித்த லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள்) அறிவிலிகள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மெக்சிகோ வம்சாவளியினர். 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் அங்கே வென்றதில்லை. 2024-இல் ட்ரம்ப் வென்றார். 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரிக்கு ஏறத்தாழ 80 சதவீதத்தை அள்ளிக் கொடுத்த ஊர் அது. எட்டே ஆண்டில் ஊருக்கே புத்தி கெட்டுவிட்டதா? அங்கே எல்லைக் காவல் படையிலும் எண்ணெய் வயல்களிலும் பிழைப்பவர்கள் ஏராளம். விலைவாசி அவர்களையும்தான் வாட்டியது.

தாமரைச்செல்வி:
எழுதியவள் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். ஸ்டாரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 65,000. அதைக் கொண்டு மூன்றரைக் கோடி வாக்காளர்களை எடை போடுவீர்களா?

கரிசல்காடன்:
சிறிய ஊர் என்றால் வாக்குக்கு மதிப்பில்லையா? 1892 அம்மா, 1892! அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொறையாறு வாசகன்:
ஒரு கவுண்டியிலேயே நிற்கிறீர்களே. மயாமி கியூபர்கள் கியூபாவின் கம்யூனிச ஆட்சியாளர் காஸ்ட்ரோவுக்கு அஞ்சி வந்தவர்கள். சோசலிசம் என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாது. கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். நாடு கடத்தல் பேச்சு அவர்களைத் தொடாது. இவர்களை எப்படி ஒரே பட்டியில் அடைப்பது?

தாமரைச்செல்வி:
அந்தப் போர்ட்டோ ரிக்கோவைத்தான் 2024 அக்டோபரில் ட்ரம்ப் கூட்டத்து மேடையில் ஒருவர் குப்பைத் தீவு என்றார். அதன் பிறகும் வாக்களித்தவர்களை நான் பாராட்ட வேண்டுமா?

கரிசல்காடன்:
பாராட்ட வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். அதன் பிறகும், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் நிறைந்த புளோரிடாவின் ஓசியோலா கவுண்டி ட்ரம்ப் பக்கம் போனது. ஸ்டாரும் போனது. 1892-இலிருந்து போகாத ஊர்! 2020-இல் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சிக்கு உறுதி என்று இதே இடத்தில் சவால் விட்டவர் நீங்கள். அன்றும் லத்தீனோக்களை உங்கள் சட்டைப்பையில் இருப்பவர்களாகத்தான் எண்ணினீர்கள்.

தாமரைச்செல்வி:
ஸ்டார் அடங்கிய அதே 28-ஆம் தொகுதி, அதே 2024-இல் ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெல்லரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கரிசல்காடன்:
ஒரே நாளில் இரு கட்சிக்கும் பிரித்துப் போட்டவர்களையா அறிவிலி என்றீர்கள்? என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான் டெக்சாஸில் வாழ்பவன், தெரிந்துதான் பேசுகிறேன்.

தாமரைச்செல்வி:
நீங்கள் இருப்பது டல்லாஸ். அங்கிருந்து ஸ்டாரின் தலைநகரான ரியோ கிராண்டே சிட்டிக்கு ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா?

கரிசல்காடன்:
நான் எங்கே போனேன் என்பதா இங்கே கேள்வி? 1892-க்கு இன்னும் பதில் வரவில்லை.

பொறையாறு வாசகன்:
கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா. போனீர்களா, இல்லையா?