எல்லா எஃப்1 காருக்கும் ஒரே இசியூ என்றால் எஞ்சின் கம்பெனிகளுக்கு என்ன வேலை?

பிட்லேன்_பாண்டி:
ரொம்ப நாளா மனசுல இருக்கிற சந்தேகம். 2008லேர்ந்து எஃப்1ல எல்லா டீமும் மெக்லாரன் எலக்ட்ரானிக்ஸ் பண்ற ஒரே இசியூவைத்தான் (எஞ்சினை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி) மாட்டணும்னு விதி. ஃபெராரிக்குள்ள மெக்லாரன் பெட்டியா? அப்போ மெக்லாரன் ஆளுங்க எல்லாத்தையும் எட்டிப் பார்த்துடலாமே? இன்னொண்ணு, இந்தத் தொழில்ல இருக்கிற கம்பெனிங்க ரேஸிங், ஏரோஸ்பேஸ் ரெண்டையும் சேர்த்தே சொல்லிக்கிறாங்க. காருக்கும் விமானத்துக்கும் ஒரே பெட்டிதானா?

வளைவு_9:
கம்பெனி கதை மட்டும் நான் சொல்றேன். 1989ல டேக் எலக்ட்ரானிக்ஸ்னு இங்கிலாந்துல ஆரம்பிச்சது. அப்புறம் மெக்லாரன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், அப்புறம் மெக்லாரன் அப்ளைடு. 2008 டெண்டர்ல மைக்ரோசாஃப்ட்டும் கூட இருந்தது. 2021ல மெக்லாரன் குழுமம் அதை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துடுச்சு. அதனால ஃபெராரி இப்போ நிம்மதியா தூங்கலாம். மத்ததுக்கு கேம்ஷாஃப்ட் அண்ணன் வரட்டும்.

கேம்ஷாஃப்ட்:
வந்துட்டேன். எஞ்சின் டெஸ்ட் பெட்லதான் என் பிழைப்பு. எஃப்1 இல்ல, சாதா எஞ்சின். ஆனா அடிப்படை ஒண்ணுதான்.

பாண்டி, பெட்டி ஒண்ணு, உள்ளே ஓடற அடிப்படை சாஃப்ட்வேரும் ஒண்ணு. மேப் அவனவனோடது. எந்த ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), எவ்வளவு த்ராட்டில்ல, எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி முன்னாடி ஸ்பார்க், இதெல்லாம் எஞ்சின் கம்பெனி மாசக்கணக்கா டைனோவில் (எஞ்சினை ஓட்டி சக்தியை அளக்கிற மெஷின்) உட்கார்ந்து நிரப்புற எண்கள். டெலிமெட்ரியும் (ஓடற கார்லேர்ந்து ரேடியோவுல வர்ற டேட்டா) ஒவ்வொரு டீமுக்கும் தனித்தனியா என்க்ரிப்ட் ஆகித்தான் போகும். எல்லாத்தையும் பார்க்கிற உரிமை, எஃப்1 விதிகளைப் போடுற எஃப்ஐஏவுக்கு.

இந்த விதி வந்ததே செலவுக்காக மட்டும் இல்ல, ட்ராக்ஷன் கன்ட்ரோலை, அதாவது சக்கரம் வழுக்காம கம்ப்யூட்டரே பார்த்துக்கறதை, தடுக்கறதுக்காக. எஃப்1 காரில் முன்சக்கரத்துக்கு எஞ்சின் இழுப்பு கிடையாது, அதோட வேகம்தான் கார் வேகம். பின்சக்கரம் அதைவிட ரொம்ப வேகமா சுத்தினா வழுக்குதுன்னு அர்த்தம். உடனே ஒண்ணு ரெண்டு சிலிண்டருக்கு ஸ்பார்க்கை நிறுத்து, அவ்வளவுதான். தனியா ஒரு பார்ட் கூட வேணாம், நாலு வரி கோட் போதும். அதை எங்கே வேணா ஒளிச்சு வைக்கலாம். 1994ல பெனட்டன் டீம் காரோட சாஃப்ட்வேரை ஆராய்ஞ்சப்போ, திரையில பத்து ஆப்ஷன்தான் தெரிஞ்சது. கண்ணுக்குத் தெரியாம கீழே இறங்கிப் போனா பதிமூணாவதா, அப்போ தடை பண்ணியிருந்த லாஞ்ச் கன்ட்ரோல் (ஸ்டார்ட்ல வழுக்காம காரைத் தானே கிளப்புறது). ரேஸில் அதைப் பயன்படுத்தினாங்கன்னு நிரூபணம் ஆகல. ஆனா அடுத்தவன் எழுதின கோடுக்குள்ள போய்த் துழாவுறது எவ்வளவு கஷ்டம்னு எல்லாருக்கும் புரிஞ்சது. 2001 ஸ்பெயின் ரேஸ்ல வேற வழியில்லாம ட்ராக்ஷன் கன்ட்ரோலையே திரும்ப அனுமதிச்சாங்க. பொதுப் பெட்டி வந்த 2008லதான் மறுபடி தடை பண்ண முடிஞ்சது.

பெட்டியோட வேலை எவ்வளவு நுணுக்கம்னு பாருங்க. எஃப்1ல இருந்த பழைய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 18,000 ஆர்பிஎம். ஒரு சுத்துக்கு 3.3 மில்லிசெகண்ட், கிராங்க் (பிஸ்டன்கள் சுத்துற தண்டு) ஒரு டிகிரி நகர சுமார் 9 மைக்ரோசெகண்ட். கிராங்க் எங்கே நிக்குதுன்னு இசியூவுக்குச் சொல்றது ஒரு பல்சக்கரம். எங்க எஞ்சின்ல 60 பல்லுக்கான இடத்துல 58தான் இருக்கும். அந்த ரெண்டு பல் இடைவெளி வரும்போது ஸ்கோப்புல (சிக்னலை அலையா காட்டுற திரை) அலை கொஞ்சம் படுத்து எழுந்திருக்கும், அதுதான் அடையாளம். சென்சார் கொஞ்சம் லூஸாகி தள்ளிப்போனா அலை குட்டையாகும், நடுவுல ஒரு பல் காணாம போகும். கணக்கு தப்பிச்சுன்னா தப்பான நேரத்துல ஸ்பார்க் விடறதைவிட எஞ்சினை நிறுத்துறதே மேல்னு இசியூ எல்லாத்தையும் வெட்டிடும். டெஸ்ட் செல்லே திடீர்னு அமைதியாயிடும்.

விமானம் வேற ஜாதி ஆகறது இங்கதான். ரேஸ் கார் நின்னா ஓரம் கட்டிட்டு ஹெல்மெட்டைக் கழட்டலாம். விமானத்துல அந்த வசதி இல்ல. அங்கே எஞ்சினை முழுக்க இயக்குற டிஜிட்டல் கம்ப்யூட்டருக்கு ஃபேடெக்னு பேரு. கான்கார்டோட ஒலிம்பஸ் எஞ்சினுக்கே அனலாக் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இருந்தது. முழு டிஜிட்டல் பயணிகள் விமானத்துக்கு வந்தது 1984ல, போயிங் 757ல ப்ராட் அண்ட் விட்னி எஞ்சினோட. ஒரு ஃபேடெக்குக்குள்ள ரெண்டு சேனல், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எடுத்துக்கும். கரண்டும் எஞ்சினோடவே சுத்துற தனி ஆல்டர்னேட்டர்லேர்ந்து வரும், விமானத்துல பவர் போனாலும் எஞ்சின் ஓடும். ரேஸ்ல ரெண்டு ப்ராக்டிஸுக்கு நடுவுல மேப்பை மாத்துவான். விமானத்துல டிஓ-178சிங்கற விமான சாஃப்ட்வேர் தரநிலைபடி ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேவைக்காக, எந்த டெஸ்ட்டுல தேறுச்சுன்னு காட்டணும்.

அப்போ ஏன் சேர்த்துச் சொல்றாங்க? அதிர்வு, சூடு, எடை. இந்த மூணும் ரெண்டு இடத்துலயும் எதிரி. ரேஸ் காரில் மாட்டுற ஆட்டோஸ்போர்ட் கனெக்டரே (வயர்களை இணைக்கிற பிளக்) ராணுவ விமானக் கனெக்டரைச் சின்னதாக்கினதுதான். விலையைக் கேட்டா மயக்கம் வரும்.

வளைவு_9:
ஒண்ணு சேர்த்துக்கறேன். 2011 வரைக்கும் அமெரிக்காவோட நாஸ்கார் கப் ரேஸ் கார்ல கார்புரேட்டர்! 2012லதான் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது. அங்கேயும் இசியூ மெக்லாரன் எலக்ட்ரானிக்ஸ், சிப் ஃப்ரீஸ்கேல்.

பிட்லேன்_பாண்டி:
நன்றிண்ணே. அப்போ நம்ம நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டன் டீம் காரை ஓட்டினப்போ ட்ராக்ஷன் கன்ட்ரோல் அனுமதி உண்டு, 2011ல எச்ஆர்டி டீம்ல வந்தப்போ கிடையாது. சரியா?

கேம்ஷாஃப்ட்:
சரி. 2011ல வழுக்கினா வலது கால்தான் பார்த்துக்கணும்.