வடலூர் தருமச்சாலையில் சாப்பிட்டவர்கள், பரிமாறியவர்கள் இங்கே எழுதுங்கள்

நெய்வேலி மகள்:

வடலூர் என்றதும் எல்லாரும் தைப்பூச ஜோதியைத்தான் சொல்வார்கள். ஏழு திரையும் விலகும்போது அந்தக் கூட்டத்துக்குள் நின்று பார்ப்பது பெரிய அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளலார் அந்த ஊரில் முதலில் தொடங்கியது சாப்பாட்டுச் சாலையை. தருமச்சாலை 1867 மே 23இல் திறந்தது. சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25இல். முதலில் பசி, பிறகு வழிபாடு என்ற இந்த வரிசையை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. மாதப் பூசம் லீவு நாளில் வந்துவிட்டால் அரிசிப் பையோடு வடலூருக்குக் கிளம்பிவிடுவோம். சின்ன வயதில் என்னை அப்படியே நிற்க வைத்தது அந்த அடுப்பு. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். வரிசையாக அண்டாக்கள். விறகைத் தள்ளிவிடுகிறவர் நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொள்வார், கை மட்டும் நிற்காது. உலை இல்லாத நேரத்திலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். வள்ளலார் ஏற்றிவைத்த நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் இல்லை. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்தான். அவர் இல்லாமலே அந்த அடுப்பு இத்தனை காலம் எரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஒருமுறை அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, சாமி கும்பிட எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். "சாப்ட்டியாம்மா? மொதல்ல ஒக்காரு" என்றார். அவ்வளவுதான்.

தென்னூர்க்காரன்:

அக்கா, நான் கொடுக்கப் போனவன் இல்லை, சாப்பிடப் போனவன். இதுவரை வெளியே சொன்னதில்லை.

பார்த்த வேலை போய், கடலூர்ப் பக்கம் வேறு வேலை தேடி அலைந்த காலம். கையில் பஸ் காசு மட்டும்தான். விருத்தாசலம் ரோட்டில் வந்த பஸ்ஸிலிருந்து வடலூர் நாலு ரோட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு சாலைக்குப் போனேன். வாசலில் யாராவது நிறுத்தி "நீ யார், எந்த ஊர்" என்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். யாரும் கேட்கவில்லை. பந்தியில் ஒரு இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், ரசம். ரசம் ஊற்றியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார். குறைந்திருந்ததும் மறுபடி போட்டார். பக்கத்தில் ஒரு ஆயா பாதிச் சோற்றை உருட்டி முந்தானையில் முடிந்துகொண்டது. பரிமாறுகிறவர் அதைப் பார்த்தார், இன்னொரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார்.

பிறகும் பல நாள் அங்கேதான் சாப்பிட்டேன். வேலை கிடைத்த பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1866இல் மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம், அதற்கு மறுவருஷம் இந்தச் சாலை. ஊர், குலம், ஆசாரம் எதையும் விசாரிக்காமல், பசி ஒன்றையே பார்த்துச் சோறு போட வேண்டும் என்று வள்ளலார் அப்போதே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். பல சத்திரங்களில் சாதிக்கு ஒரு பந்தி நடந்த காலத்தில் எழுதியது அது! என்னிடம் யாரும் எதுவும் கேட்காததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. அந்த வாசலில் என்னை நிறுத்தி விசாரித்திருந்தால் நான் சாப்பிடாமல் திரும்பியிருப்பேன் அக்கா.

பார்வதிபுரத்தான்:

அந்த அடுப்பு எந்த மண்ணில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடலூருக்குப் பழைய பெயர் பார்வதிபுரம். வள்ளலார் கேட்டார் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஏக்கர் கணக்கில் நூற்றுக்கு மேல். கொடுத்தவர்கள் ஜமீன்தார்கள் இல்லை, உழுது பிழைத்த குடும்பங்கள். எங்கள் வீட்டில் பாட்டி இதைச் சொல்லும்போது குரல் நிமிர்ந்துவிடும்.

சாலையோடு 'சன்மார்க்க போதினி' என்று ஒரு பாடசாலையும் அவர் தொடங்கினார். தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் வயது வித்தியாசம் இல்லாமல் கற்றுக்கொடுக்க. அது நிலைக்கவில்லை. சோறு நிலைத்தது.

இப்போது நிர்வாகம் அறநிலையத்துறையிடம் இருக்கிறது. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஐ அரசு 'தனிப்பெருங்கருணை நாள்' என்று அறிவித்ததிலும், அவருடைய 200ஆவது ஆண்டைக் கொண்டாடியதிலும் எங்களுக்கு நிறைவுதான். ஆனால் ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது, 2024 ஏப்ரலில், ஊரே திரண்டு போய் மறித்தோம். மையமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வேறு இடத்தில் கட்டுங்கள் என்கிறோம். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான ஜனம் நின்று ஜோதியைப் பார்க்கத்தான் அந்த வெட்டவெளி. எங்கள் முன்னோர் கொடுத்ததும் அதற்காகத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெய்வேலி மகள்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். பார்வதிபுரத்து ஐயா, அடுத்த முறை வரும்போது உங்கள் பாட்டி சொன்ன கதைகளைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

தனிச்செய்தியில் சிலர் என்ன கொண்டு போகலாம் என்று கேட்டார்கள். அரிசி, பருப்பு, காய்கறி எதுவானாலும் சரி. என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: தைப்பூசத்துக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கும், ஊர் முழுக்கத் தனியாரும் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். அதனால் ஐப்பசி மழையில், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் போய்க் கொடுங்கள். அன்றும் பந்தி நடக்கும். நேரம் இருந்தால் காய் நறுக்க உட்காரலாமா என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கை கொடுக்க ஆள் எப்போதும் தேவை.