வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதம் பிடிக்க உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து வேலைக்காக வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வருடமாக இருக்கிறேன். வயது 34. வேலையிடத்துக்கு வெளியே பழக்கம் என்று ஒருவரும் இல்லை.

போன செவ்வாய் காலி வீதியில் சரியான மழை. 100ஆம் நம்பர் பஸ்ஸால் இறங்கிய ஒரு அக்காவுக்கு இரண்டு கையிலும் மரக்கறிப் பை, குடை இல்லை. என் குடைக்குள் கூப்பிட்டு வீடு வரை கூட்டிப்போனேன். அவர் பக்கம் குடையைச் சரித்ததில் என் தோள் முழுக்க நனைந்துவிட்டது. வாசலில், "உள்ள வாங்கோ தங்கச்சி, பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். கூச்சத்தில் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அப்புறம் ஒரே கவலை.

இப்படித் தொடங்கிய பழக்கத்தைச் சிநேகிதமாக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கொஞ்சம் கொழுக்கட்டையோடு அந்த வாசலில் போய் நின்றால் தொந்தரவாக நினைப்பாரா? முதலில் என்ன பேசுவது? பின்னேரத்தில் மரைன் டிரைவில் நடக்க வருகிறவர்கள் இருந்தாலும் எழுதுங்கோ, நானும் வருகிறேன்.