எருமைக்கு வியர்க்காதா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மதியம்

பெரியப்பா: கவிதா, ஒரே கொட்டகை, ஒரே வெயில். பசு அசைபோட்டபடி நிற்கிறது. எருமைக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. குளத்தில் இறங்கினால் மாலை வரை எழ மறுக்கிறது. ஏதாவது நோயா?

கவிதா: நோய் இல்லை பெரியப்பா. மாட்டுக்கு ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு வியர்வைச் சுரப்பி ஒட்டியிருக்கும். எருமைக்கு முடி குறைவு, அதனால் சுரப்பியும் குறைவு. கறுப்புத் தோல் வெயிலை இழுத்துக்கொள்ளும், வியர்த்துத் தணித்துக்கொள்ள வழி குறைவு. குளத்துக்கு ஓட்ட முடியாத நாளில் மதியம் உடம்பெல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். நாக்கு வெளியே தொங்கி எச்சில் ஒழுகினால் மருத்துவரை அழையுங்கள்.

அருண்: நாய்க்கு அக்கா?

கவிதா: நமக்கு உடல் முழுவதும் இருக்கும் வகை வியர்வைச் சுரப்பி அதற்குப் பாதத்தின் அடியில்தான் உண்டு. சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்புதான். பயந்த நாயைச் சிகிச்சை மேசையில் ஏற்றினால் ஈரப் பாதத் தடம் பதியும்.

சித்தி: அருணுக்கும் தேர்வு அறையில் உள்ளங்கை நனைந்துவிடுகிறது. வெயிலே தேவையில்லை.

கவிதா: உள்ளங்கையும் உள்ளங்காலும் மனப் பதற்றத்துக்குத்தான் முதலில் வியர்க்கும் சித்தி. பயப்பட ஒன்றுமில்லை.

சித்தப்பா: மூளை சொல்வது சுரப்பிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

கவிதா: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி சித்தப்பா! நம் சுரப்பி, தோலுக்கடியில் நூல்கண்டுபோல் சுருண்ட ஒரு நுண்குழல். இருபது முதல் நாற்பது லட்சம் வரை இருக்கின்றன. சுருளில் ஊறும் நீரில் ரத்தத்தில் உள்ள அளவுக்கே உப்பு இருக்கும். மேலே ஏறும் வழியில் குழலின் சுவர் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வேகமாக வியர்த்தால் அதற்கு நேரம் போதாது, வியர்வை கரிக்கும்.

உத்தரவு மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகப் பரிவு நரம்புகளில், அதாவது நாம் நினைக்காமலே இயங்கும் ஒரு வகை நரம்புகளில், இறங்குகிறது. அந்த நரம்புகளின் நுனியில் பொதுவாகச் சுரப்பது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள். வியர்வைச் சுரப்பியில் மட்டும் அசிட்டைல்கோலின் என்ற வேறொன்று! ஹென்றி டேல், ஃபெல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1934இல் பூனையின் பாதத்தில் இதைக் காட்டினார்கள். குதிரைக்கு வேறு ஏற்பாடு: மயிர்க்காலோடு சேர்ந்த சுரப்பி, அதைத் தூண்டுவது அட்ரினலின். அதன் வியர்வை நுரைப்பதற்கு லேத்தரின் என்ற புரதம் காரணம். இயற்கை ஒரே வேலைக்கு இத்தனை வழி வைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பெரியப்பா: வியர்வை என்றதும் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் காலையிலிருந்து மருந்து அடித்தவருக்குச் சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. வெயில்தான் என்று மோர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன்.

கவிதா: என்ன மருந்து? வாயில் எச்சில் ஊறுகிறதா? கண்மணி சுருங்கியிருக்கிறதா, பாருங்கள்.

பெரியப்பா: குளோர்பைரிபாஸ். எச்சில் வழிகிறது. கண்மணி கடுகு அளவுதான் தெரிகிறது.

கவிதா: இது வெயில் இல்லை பெரியப்பா. மருந்தின் விஷம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உங்கள் கையில் உறை இருக்கட்டும். இனி மோரோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் அண்ணா.

அருண்: அக்கா, மருந்துக்கும் வியர்வைக்கும் என்ன தொடர்பு?

கவிதா: அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த வகைப் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடும். உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை, எச்சில், கண்ணீர் எல்லாம் பெருகும், நுரையீரலிலும் நீர் கோக்கும். அதுதான் உயிருக்கு ஆபத்து. அசிட்டைல்கோலினைச் சுரப்பியில் சேரவிடாமல் தடுப்பது அட்ரோபின் என்ற மாற்று மருந்து.

சித்தி: ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும், ஒரு சொட்டு வியர்க்காது என்பார்களே?

கவிதா: அதேதான் சித்தி. ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறது.

பெரியப்பா: மருத்துவமனைக்கு வந்துவிட்டோம். குப்பியை டாக்டரிடம் கொடுத்தேன். அட்ரோபின் ஏற்றுகிறார்கள்.

கவிதா: நல்லது. ஒரு நாளாவது அங்கேயே வைத்துப் பார்க்கட்டும், சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டு அழைத்து வராதீர்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்க வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

சித்தி: நான் இப்போதே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.